மிச்சம் இரண்டு

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இரண்டாம் மாடி.
கீழே டயர்க் கடை, மேலே நாங்கள்.
டிரெய்லர் ஒன்று போனால் மேசை நடுங்குகிறது,
மேசைமேல் கண்ணாடி இழை நடுங்குகிறது,
இழையின் நுனி
சிப்பின் வாசலைத் தவறவிடுகிறது.
துறைமுக லாரிகளின் வரிசை
அசையாமல் நிற்கும்போதுதான் எங்களுக்கு அளவெடுப்பு.
இரவு மூன்றேகாலிலிருந்து,
அதிர்ஷ்டம் இருந்தால், நான்கு வரை.

போன மாதம் தேசப்பன் அண்ணனின் பீரோவைத்
தண்டையார்பேட்டைச் சந்துக்குள் கொண்டுபோனோம்.
நிமிர்த்தினால் மின்கம்பி,
படுக்கவைத்தால் அடுத்தவர் வாசற்படி.
"சாய்ச்சுக்கோ, சாய்ச்சுக்கோ, யோவ், அந்தப் பக்கம்!"
கடைசியில் திருப்பிவிட்டது நாங்கள் அல்ல, சுவர்.
மழையில் ஒரு பக்கம் சரிந்த சுவர் அது.
நேர்ச்சுவராய் இருந்திருந்தால்
பீரோ இன்னும் தெருவில்தான்.

அன்றிரவு கணினியில்
அலைவழியின் ஓர் ஓரத்தை மட்டும் சரித்து வரைந்தேன்.
படுத்தவாக்கில் அசைந்து நுழைந்த ஒளி
நிமிர்ந்து அசைந்து வெளியே வந்தது.
தேசப்பன் அண்ணனிடம் சொன்னேன்.
பீரோக் கண்ணாடி உடைந்ததற்கு யார் பொறுப்பு என்றார்.

இன்றைக்கு ஒரு வளையம்.
ஒரு மயிரின் வெட்டுமுகத்துக்குள்
இதைப்போல் பல வளையம் வைக்கலாம்.
உள்விளிம்பில் முப்பத்தாறு பல்.
கண்ணுக்குத் தெரியாத ஒளி அதற்குள் ஓடுகிறது,
தன் வாலைத் தானே பிடிக்கிறது,
ஒரு சுற்றுக்கு முப்பத்தெட்டு அலை.
பற்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாய்
மேலே தள்ளிவிடுகின்றன.
முப்பத்தெட்டில் முப்பத்தாறு போக
மிச்சம் இரண்டு.
முறுக்கு என்பது அந்த மிச்சம்தான்.

அதை எப்படிச் செலவழிக்கும்?
நின்ற இடத்தில் தன்னைத் தானே சுற்ற ஒன்று,
நடுவைச் சுற்றிவர ஒன்று.
அல்லது
தன்னை எதிர்ப்பக்கமாய் ஒரு சுற்று,
நடுவை மூன்று.
கூட்டிப் பார்த்தால் இரண்டும் இரண்டே.
எங்க வீட்டுச் சீட்டுக் கணக்கும்
இப்படித்தான்டி, என்றாள் ஜெபசீலி.

மூன்று முப்பத்திரண்டு. வரிசை நின்றது.
திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்,
நடுவில் கறுப்பு.
எந்தத் திசையில் அசைவது என்று
நடுப்புள்ளியில் ஒளிக்கே தெரியவில்லை.
அதனால் அங்கே அது இல்லை.
எத்திராஜுலு சார் வீட்டிலிருந்து போன் செய்தார்,
தூங்கியிருக்கமாட்டார்.
"வடை வந்துச்சா?"
"வந்துச்சு சார். ஓட்டையோட."

வடிகட்டியைச் செருகித் திருப்பினேன்.
ஒரு பக்கம் திருப்பினால் ஓட்டை பெரியது,
மூன்று சுற்றுகிற பங்கு.
மறுபக்கம் திருப்பினால் சின்னது.
ஜெபசீலி படமெடுத்தாள், நான் எண்களை எழுதினேன்,
இருவரும் மூச்சைக்கூடக் குறைத்துக்கொண்டோம்.
மூன்று ஐம்பத்தொன்று.
எண்ணூர்ப் பக்கமிருந்து முதல் டிரெய்லர்.
வட்டம் உதறிக்கொண்டு போனது.

ஐந்தரைக்கு இறங்கினேன்.
எல்லையம்மன் கோயிலின் கம்பிக்கதவு பூட்டியிருந்தது.
பச்சை மேலங்கி போட்ட ஒரு அக்கா
துடைப்பத்தைக் கதவில் சாய்த்தாள்,
செருப்பை உதறினாள்,
கைகூப்பி நின்ற இடத்திலேயே சுற்றினாள்.
ஒன்று. இரண்டு.
உள்ளே போய்ப் பிரகாரம் சுற்ற
அவளுக்கு நேரம் இல்லை,
அந்தக் கோயிலுக்குப் பிரகாரமும் இல்லை.
மூன்று.

வலம்தான்.
கம்பிமேல் உட்கார்ந்த காக்கைக்கு அது வலம்.
இதே தெருவின் அடியில், மூடியைத் திறந்து
இறங்கி நிற்பவன் அண்ணாந்து பார்த்தால்
இடம்.

சுழலும் ஒளிக்கும் இந்தச் சிக்கல் உண்டு.
எங்கே நின்று பார்த்தது என்று எழுதாவிட்டால்
எழுதிய எண்ணுக்கு அர்த்தமில்லை.

எழுதவில்லை.
துடைப்பம் தெருவை இழுக்கத் தொடங்கிய சத்தத்தில்
மறுபடி மாடி ஏறினேன்.