மூன்றாவது அறை

விலை என்று ஒரு கோடு,
கோட்டில் இரண்டு மணிகள்.
இடப்பக்க மணி ஐம்பது இலட்சத்தில் நிற்கிறது.
விரலால் இழுத்துப் பார்த்தேன்,
கப்பியில் சிக்கின கயிறு மாதிரி
அதற்குக் கீழே இறங்காது.

எங்களிடம் பதினெட்டு.
சீட்டை எடுத்தால் இருபத்து மூன்று.
வங்கியில் சொன்னதையும்
சொன்னவரின் முகத்தைப் பாராமல் சேர்த்தால்
முப்பத்தொன்று.

சரி, வீடு வேண்டாம். காணி.
இரண்டு பரப்பு.
தாவடி, கோண்டாவில், கொக்குவில், இணுவில்,
நாலுக்கும் சரி போட்டேன்.
நன்னீர்க் கிணறு, ஆம்.
பங்கில்லாத பாதை, ஆம்.
வாகனம் உள்ளே வரும்,
தயாபரனின் ஓட்டோவுக்காக ஆம்.

‘பொருத்தமான முடிவுகள் இல்லை.
தெரிவுகளைக் குறைத்துப் பாருங்கள்.’

குறைத்தேன்.
பாதையைப் பங்குக்கு விட்டேன்.
ஓட்டோவைச் சந்தியில் நிறுத்தினேன்.
இணுவில் போனது, பிறகு தாவடி.
கிணற்றை விடத்தான் மனம் வரவில்லை.
உவர்த்தண்ணியில் பருப்பு அவியாது என்பது
இதைச் செய்தவனுக்குத் தெரியாது,
கிணற்றையும் கார் தரிப்பிடத்தையும்
ஒரே அளவுப் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறான்.

அதையும் எடுத்தேன்.
அரியாலைக்கும் அப்பால் ஒரு துண்டு வந்தது.
நாலு வடலி, நடுவில் வானம் தெரியும் தண்ணி.
‘அமைதியான சூழல்’ என்று எழுதியிருந்தது.
மாரியில் அங்கே கொக்குக்குத்தான் உறுதி எழுதலாம்.

கோபத்தில் எல்லாத்தையும் அழித்தேன்.
வீடு. கொக்குவில். எந்த விலையும்.
புதியவை முதலில்.

மூன்றாவதாக வந்தது ஒரு பச்சைக் கேற்.
கீழ்மூலையில் ஒரு நெளிவு,
தயாபரன் பின்னுக்கு எடுத்தபோது நெளித்த நெளிவு.
கொடியில் ஆரபியின் பள்ளிக்கூடச் சட்டை.
கிணற்றடியில் எங்கள் நீல வாளி.

‘நான்கு பரப்பு. மூன்று அறை. நன்னீர்.
குடியிருப்போர் உடன் எழும்புவர்.’

சட்டை காய்கிறது என்றால் சனிக்கிழமை.
நாங்கள் சுன்னாகம் சந்தைக்குப் போன நேரம்
வந்து எடுத்திருக்கிறார்கள்.

ஏழாவது படம், பூட்டின அறை.
ஆறு வருசமாக அதன் சுவரோடு
தலைவைத்துப் படுக்கிறோம்.
‘உள்ளுக்குச் சாமான் கிடக்கு’ என்று
சத்தியசீலன் அண்ணை சுவிஸிலிருந்து சொன்னவர்.
படத்தில் சாமான் இல்லை.
சீமெந்துத் தரை,
தெற்குப் பார்த்த இரண்டு யன்னல்,
தரையில் இரண்டு சதுரம் வெயில்.
எங்களுக்குள்ள இரண்டில் ஒன்று மழைக்கு ஒழுகும்.
பிள்ளை விறாந்தையில் இருந்து படிக்கிறாள்.

இதய அடையாளம் ஒன்று இருந்தது. அமத்தினேன்.

பத்து நிமிசத்தில் போன்.
‘மெடம், நிரோஜன் கதைக்கிறன்.
கொக்குவில் வீடு பாத்தனீங்கள் போல?’
‘ஓம்.’
‘ஆக்கள் இருக்கினம். பிரச்சினையில்லை,
நல்ல சனம், எழும்பிடுவினம்.’
‘பூட்டின அறையும் காட்டுவீங்களோ?’
‘பூட்டினது எண்டு எப்பிடி…’
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
‘திறப்பு என்னட்டத்தான் இருக்கு மெடம்.
ஞாயிறு பத்து மணி சரியோ?
லொக்கேஷன் அனுப்பி விடவோ?’
‘அனுப்புங்கோ.’

வந்தது.
சிவப்புப் புள்ளி
நான் இருக்கிற கூரையின்மேல் குத்தி நின்றது.
நடந்துபோக எத்தனை நிமிசம் என்று கேட்டேன்,
பூச்சியம் என்றது.

தயாபரன் கேட்டுச் சிரித்தான்,
பிறகு எழும்பிப்போய்க்
கேற்றின் நெளிவைச் சுத்தியலால் தட்டத் தொடங்கினான்.
யாருக்காக என்று நான் கேட்கவில்லை.
ஆரபிக்குத்தான் ஒரு சந்தேகம்:
ஞாயிற்றுக்கிழமை வாற அந்த அண்ணைக்கு
நாங்கள் தேத்தண்ணி குடுக்கிறதோ, இல்லையோ?