கோட்டுக்கு உள்ளே

டொங்காட் ஆற்றின் வரைபடத்தை
மேசைமேல் விரித்து, சுருளாமல் இருக்க
நான்கு மூலையிலும் உருளைக்கிழங்கு வைத்தார்
பூபாலன் மூட்லி.
நீலக் கோடு கரும்பைத் தாண்டி
பம்பு அறையைச் சுற்றி
அவர் சமையலறையை இரண்டாக வெட்டிப் போயிருந்தது.
"அடுப்பு உள்ளே, சிங்க் வெளியே" என்றார்.
"அப்போ ஆறு சமைக்கும்,
நான் பாத்திரம் கழுவணுமா?"

காப்பீட்டுக் கம்பெனி என்னை அனுப்பியது
சிரிப்பதற்கு அல்ல.
சிரித்துவிட்டேன்.

"இது நூறு வருஷத்து வெள்ளம்" என்றேன்.
விரல் மடக்கினார்.
"எண்பத்தேழில் ஒண்ணு. இருபத்திரண்டில் ஒண்ணு.
இருநூறு வருஷத்துக்கு முன்பணம் கட்டியாச்சு.
இன்னும் எதுக்குக் கையெழுத்து?"

ஜன்னலோரம் துனீ சீட்டுக்கட்டு கிடந்தது. எடுத்தேன்.
நூறு சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.
ஒன்றில் மட்டும் சேறு.
ஒவ்வொரு வருஷமும் ஆறு ஒரு சீட்டை உருவும்,
பார்க்கும்,
திரும்பச் செருகிக் கலைக்கும்.
போன ஆட்டம் சீட்டுக்கு ஞாபகம் இருக்காது.
நமக்குத்தான் இருக்கும்.

வீட்டுக் கடன் முப்பது வருஷம்.
முப்பது தடவை உருவினால்
நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடவே
சேறு வர வாய்ப்பு.
தேநீர் கலக்கிய கரண்டியை நிறுத்தினார்
அவர் மனைவி கோமளேஸ்வரி.
"நாலு பேர் விளையாடுற மேசையில
யாரோ ஒருத்தர் தலையில விழும்.
அதானே சொல்ல வர்றே?"
எங்கள் பயிற்சி வகுப்பில் ஒருவரும்
இவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை.

பிறகு சின்ன எழுத்து.
கூரை வழியாக வந்த தண்ணீர் உண்டு.
கரை மீறி வந்தது, கூடுதலாகக் கட்டினால் உண்டு.
தரைக்கடியில் மெல்ல ஊறி வந்தது இல்லை.
தாங்கு சுவர் இல்லை.
முட்டைக்கோஸ் நாற்று, பாத்தி, உரமூட்டை, இல்லை.
வீட்டின் மதிப்பில் பாதிக்கு எடுத்தால்
சேதத்திலும் பாதிதான் கிடைக்கும்;
மிச்சப் பாதிக்கு நீங்களே கம்பெனி.

"எந்த வழியா வந்தேன்னு
தண்ணி எழுதிக் கொடுத்துட்டுப் போகுமா?"
சுவரில் கறை இருக்கும், ஐயா.
படம் எடுத்து வையுங்கள்.
கழுவுவதற்கு முன்னால்.

அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.
ஜன்னல் வழியே ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தார்:
ம்ஸ்வண்டிலே செலேயின் வீடு.
மிளகாய்ப் பருவத்தில் இவரோடு நிற்பவர்.
என் வரைபடத்தில் அங்கே வெறும் வெள்ளை.
வெள்ளம் போகாததால் அல்ல,
அளப்பவர் போகாததால்.
பத்திரம் இல்லாத வீடு.
தமிழில் அதற்கு இரண்டு அர்த்தம்,
இரண்டும் சரி.

செலே தன் வெண்ணெய்ப்பழ மரத்தில்
ஆரஞ்சுச் சாக்கின் கிழிசல் ஒன்றைக் கட்டியிருக்கிறார்.
அந்த ஏப்ரல் தண்ணீர் தொட்ட உயரம்.
நான் போய் நின்று பார்த்திருக்கிறேன்,
என் தோளுக்கு மேலே அது.
அரிசி, பள்ளிக்கூடப் பைகள், அடையாள அட்டைகள்
எல்லாம் அதற்கும் மேலே ஒரு பலகையில்.
"அவனுக்கு மாசம் எவ்வளவு போடுவே?" என்றார் பூபாலன்.
என்னிடம் அதற்குப் பாரம் இல்லை.

கடைசியில் கையெழுத்துப் போட்டார்,
வீட்டுக்கு மட்டும், முழு மதிப்புக்கு,
முந்நூற்று நாற்பது ராண்டைப்
பல்லிடுக்கில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தபின்.
கோமளேஸ்வரி அன்றைக்கே
குளிர்பெட்டிக்கு அடியில் செங்கல் அடுக்கத் தொடங்கினார்.
அது பாலிசியில் இல்லை.

திரும்பும்போது பாலத்துக்கு முன்னால் காரை நிறுத்தினேன்.
ஆறு வருஷம் இந்த வேலை.
என் தெரு எங்கே என்று
ஒரு நாளும் தேடியதில்லை.
உள்விளக்கைப் போட்டு மடியில் விரித்தேன்.
மூலையில் உருளைக்கிழங்கின் மண் அப்பியிருந்தது,
கோடு போகிற இடத்தில்,
சரியாக எங்கள் தெருமேல்.
ஊதினேன்.
போகவில்லை.
நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.