அங்குலத்துக்குப் பதினாலு

கரடிப்போக்குச் சந்தியில் இறங்கி
மில்வரை நடக்கையில் மனதுக்குள் ஒத்திகை:
முதலில் பிளாஸ்ரிக் தட்டைக் காட்டவேணும்,
கடதாசியைக் கடைசியில்.

வைகுந்தநாதன் அதற்கு இடம் தரவில்லை.
"எல்லாத்தையும் ஒண்டாய் விரியும் பிள்ளை."
நெல்மூட்டை ஒன்றின் முதுகில் விரித்தேன்.

காசுமேசைக்கு மேலே தொங்க
ஆலையின் பெயர் வேண்டும் அவருக்கு, நூலில்.
பெயின்ற் அடித்த மூன்று பலகையையும்
தவிட்டுத் தூசி தின்றுவிட்டதாம்.
நூலையும் அது தின்னும் என்று நான் சொல்லவில்லை.

இது பிளாஸ்ரிக், அங்குலத்துக்கு ஏழு துளை.
எங்கே வெட்டினாலும் விளிம்பு பிரியாது,
ஆறு இழையையும் சேர்த்துக் கோத்தால்
விறுவிறென்று நிரம்பும்.
ஆனால் தமிழ் வளைகிற எழுத்து,
துளையோ சதுரம்.
ஏழில் தைத்தால் 'கு' படிக்கட்டு இறங்கும்,
'நா'வின் சுழி பெட்டியாகும்,
வங்கிக்காரர் வந்தால்
எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வேணும்.

இது துளைக் கடதாசி, பதினாலு.
வளைவு ஓரளவுக்கு வளைவாகவே வரும்.
இரண்டு இழை போதும், மொட்டை ஊசி,
மழமழப்பான பக்கம்தான் முகம்.
ஆனால் பிழைவிட்டுப் பிரித்தால்
இரண்டு துளைக்கு நடுவிலிருக்கும் மயிரளவு மட்டை அறுந்து
இரண்டும் ஒரே வாயாகும்.
சித்திரை வெயிலில் என் விரல் எப்படி வியர்க்கும் என்பது
அவருக்குத் தெரியாது.

மூன்றாவது வினைல்.
மடிக்கலாம், கழுவலாம், கொழும்பிலிருந்து வரவேணும்.
விலையைச் சொன்னதும்
அவரே அதைச் சுருட்டிக் கையில் தந்தார்.

பிறகு எழும்பிப் போனார்.
பின்பக்கம் ஏதோ இரும்பு சரியும் சத்தம்.
நெல் சலிக்கும் மெசினின் கழித்த தட்டோடு வந்தார்,
"இதுவும் துளைதானே. சும்மா கிடக்கு."

வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன்.
ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை
அரைத் துளை விலகி நிற்கிறது, கல் அடுக்கின மாதிரி.
"இதில புள்ளடி போட்டால் சரிஞ்சு விழும் ஐயா.
நாலு துளையும் நாலு மூலையில இருக்கவேணும்."

மூட்டை சுமந்து வந்த காண்டீபன் நின்றான்.
"அப்ப அக்கா, எங்கட கக்கூஸ் தகரம்?
அதில துளைக்குக் குறைவே இல்லை."
சிரித்தோம், நானும்தான்.
"அதை எண்ண ஏலாது தம்பி" என்றேன்,
"அளந்து அடிச்ச துளையிலதான் தைக்கலாம்."
அவன் மூட்டையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு போனான்.

"எதுக்கும் கொண்டுபோய்ப் பாரும்" என்று
தட்டை என் தலையில் கட்டிவிட்டார்.
பரந்தன் தாண்டியதும்
அதற்கும் ஒரு ரிக்கெற் கேட்டான் கண்டக்டர்.

இரவு தருமபுரத்தில்
கறிச்சட்டியை இறக்கி வைக்க இடமில்லாமல்
தட்டை மேசையில் ஒருபக்கமாய்த் தள்ளினேன்.
அதன் மூலை என் வயிற்றைப் பார்த்துத் திரும்பியது.
திரும்பினதும்
விலகி நின்ற துளைகள்
ஒன்றின்கீழ் ஒன்றாய் நின்றன.
அடிமட்டம் வைத்தேன். நேர்.
குறுக்கே வைத்தேன். நேர்.
அங்குலத்துக்கு நாலுதான், ஆனாலும் சதுரம்.
கம்பளி நூல் போகும். தட்டும் பெரிது,
'கு'வுக்கு வளைய இடம் இருக்கு.
கறி ஆறிப்போச்சு.

போன் எடுத்தேன்.
"ஐயா, போர்டை மூலையில பிடிச்சுத் தொங்கவிடச் சம்மதமோ?
மேல ஒரு பிள்ளையார் சுழி, நடுவில உங்கட பெயர்,
கீழ 'ஆலை' மட்டும்.
'அரிசி'க்கு இடமில்லை."

கொஞ்சநேரம் மெசின் சத்தம் மட்டும்.
"தட்டு என்ரதுதானே. அப்ப விலை குறையுமோ?"

கூடும் என்றேன்.
தகட்டுப் பிசிர் நூலை அறுக்கும்,
ஒவ்வொரு துளைக்கும் அரம் போடவேணும்,
ஆயிரத்துச் சொச்சம் துளை.

அவர் யோசித்துச் சொல்வாராம்.
நான் மொட்டை ஊசியால் ஒவ்வொன்றாய்க் குத்திப் பார்க்கிறேன்.
எந்தப் போகத்து நெல்லோ,
மேசை விரிப்பில்
சப்பி விழுகிறது.