தனித்தனிப் பை

கடல்மட்டத்துக்கு மேல் ஐயாயிரத்து நூறு மீட்டர்.
தண்ணீர் எண்பத்து மூன்று டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.
வெந்தும் வேகாமலும் இருக்கிறது எல்லாம்,
இந்த நிறுவல் உட்பட.

அவள் பெயர் வாரா சுக்கிமியா.
அவளுடைய ஐமாரா மொழியில் அது விண்மீன்.
என் மொழியில்
வராதவை எல்லாவற்றுக்கும் அது வினைமுற்று.
இரண்டும் பொருந்துகிற இரவு:
கூரைமேல் அத்தனை விண்மீன்,
திரையில் தொண்ணூற்று மூன்று விழுக்காட்டில்
நின்றுபோன கோடு.

கேட்டது ஒரே ஒரு பைத்தான் பொதி.
காடு எரிந்த வாரத்தில்
பனியாற்றின்மேல் எவ்வளவு கரி படிந்தது
என்று கணக்கிட.
தனியே வரமாட்டேன் என்றது பொதி,
அணிக்கணக்குத் தெரிந்தவன் ஒருவன் துணை வேண்டும்.
அவனுக்கு ஒரு கம்பைலர்.
கம்பைலருக்கோ
வாரா பிறக்கும் முன்பே எழுதி முடித்துவிட்ட
ஃபோர்ட்ரான் நூலகம்.

எனக்குச் சார்பெழுத்து நினைவு வருகிறது.
ஆய்தம் தனித்து நிற்காது.
முன்னால் ஒரு குறில், பின்னால் ஒரு வல்லினம்
ஆளுக்கொரு கை கொடுத்தால்தான்
அஃது அஃதாகும்.
ஃபோர்ட்ரானின் தலையில் மட்டும்
முன்னால் யாருமில்லாமல் நிற்கிறதே என்பீர்கள்;
பிழைக்கப் போன இடத்தில் பழகிக்கொண்டது.

சிவப்பில் எழுபது வரி.
கடைசி வரியைப் படி என்பார்கள்.
கடைசி வரி, மேலே பார் என்றது.

விடிந்ததும் வண்டியோட்டி எர்மோஹெனெஸ்
எல் ஆல்ட்டோவுக்கு இறங்குகிறார்.
சீட்டு எழுதிக் கொடுத்தாள்:
பெயர், எண், புள்ளி, எண், புள்ளி, எண்.
நாற்பத்தொரு பெயர்.
மருந்துச் சீட்டுபோல் மடித்துத்
தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.
"எண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால்?"
"இருக்கக் கூடாது."
"நூல்கண்டு வாங்க அனுப்பும்போது
என் மனைவியும் இதையேதான் சொல்வாள்."

மாலையில் வந்தார், காதுவரை புழுதி.
சட்டையின் இடப்பையிலிருந்து ஒரு பென் டிரைவ்.
வலப்பையிலிருந்து இன்னொன்று.
எதற்கு இரண்டு?

"கடைப் பையன் சொன்னான்,
இதில் ரெண்டு பேருக்கு ஆகவே ஆகாதாம்.
ஒருத்தன் இரண்டாம் பதிப்புக்குக் கீழேதான் வேண்டும் என்கிறானாம்,
மற்றவன் அதற்கு மேலேதான் என்கிறானாம்.
வழியெல்லாம் பள்ளம்.
சண்டை வேண்டாமே என்று
தனித்தனிப் பையில் போட்டேன்."

வாரா சிரிக்கவில்லை.
மூன்று இரவாக ஒரே அறையில்
இருவரையும் உட்காரவைக்கப் பார்த்தது
அப்போதுதான் உறைத்தது.

ஒரு சூழல் திறந்தாள்.
பக்கத்தில் இன்னொன்று.
நடுவே சுவர். சுவரில்
ஒரு சிறு கோப்பு போய்வருகிற அளவு ஓட்டை.

பொதியின் பெயரைச் சொல்லி அழைத்தாள். என்டர்.

பிழையில்லை.
வாழ்த்துமில்லை.
அடுத்த வரியில் மூன்று கூர்முனை மட்டும்,
ஆய்தம் பக்கவாட்டில் படுத்ததுபோல.

"வேலை செய்கிறதா?"
"ஒன்றுமே சொல்லவில்லை."
"அப்படியானால் செய்கிறது" என்று
ரொட்டியைப் பிய்த்தார் எர்மோஹெனெஸ்.

வரைபடம் மெல்ல எழுந்தது.
ஆகஸ்ட் வரை வெள்ளை.
செப்டம்பர் ஏறத் தொடங்கிய இடத்தில்
விளக்கு மங்கியது, திரை அணைந்தது,
வெளியே ஜெனரேட்டர் இருமுறை இருமி நின்றது.

டீசல்.

அவர் தொப்பியைக் கழற்றி
சீட்டை மறுபடி பிரித்து
விண்மீன் வெளிச்சத்தில் பார்த்தார்.
நாற்பத்தொன்றில் அது இல்லை.