அலகு

மாசத்துக்கு ஒருக்கா தவறாமல் போவேன்.
களுதாவளையில் நூற்றுப் பன்னிரண்டு வீடு,
எருவிலில் எழுபத்தொன்பது.
படலையில் நின்று "மீற்றர்" என்றதும்
நாயைப் பிடித்துக் கட்டுவார்கள்.
பெட்டிக்குள் எறும்பு, பல்லி முட்டை,
அதற்கும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் எண்.
எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு
அடுத்த வீடு.

எனக்குத்தான் மாசம் வருவதில்லை.
பங்குனியில் வந்தது.
மறுகா ஆவணியில்,
வட்டைக்குத் தண்ணி திறந்துவிட்ட மாதிரி
பதினொரு நாள்.
கலண்டரில் அவர் போட்டுவைத்த வட்டங்கள்
திகதிகளைச் சுற்றிச் சும்மா கிடக்கின்றன.

வாய் மட்டும் ஒரு நாளும் தவறவில்லை.
தீட்டித் துப்பினால் பேசினில் சிவப்பு.
பற்பசை மாற்றினேன், பிரஷ் மாற்றினேன்,
உப்புத் தண்ணீர், கராம்புத் தண்ணீர்.
இன்னும் அழுத்தித் தீட்டினேன்,
ஊத்தைக்காரிக்கு வேண்டும் என்று.

வெற்றிலைத் தோட்டத்து வீட்டில்
சரோசினிதேவி ஒரு கொய்யா தந்தாள்.
கடித்தேன்.
வெள்ளைச் சதையில் என் பல்வரிசை
சிவப்பாய் அச்சாகியிருந்தது.
"வெத்திலை போட்டயாகா?"
ஓம் என்றேன்.
வெற்றிலைக்கு யாரும்
மறு கேள்வி கேட்பதில்லை.

களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி, பல் பிரிவு,
இருபத்துமூன்றாம் நம்பர்.
"கிருபாசினி" என்றார்கள்.
நான் கிருபாஜினி. பரவாயில்லை.
கோடு கீறிய மெல்லிய கம்பி ஒன்றை
பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் இறக்கி
டொக்டர் ஸப்றினா சொல்லச் சொல்ல
நேசராணி நேர்ஸ் எழுதுகிறாள்:
மூன்று. மூன்று. நான்கு.
ஐந்து, இரத்தம்.
நான்கு, இரத்தம்.

இந்தக் குரல் எனக்குத் தெரியும்.
எண் வாசிக்கிறவள்
வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

இவள் பார்த்தாள்.
வெளிச்சம் நாடிக்கு இறங்கி
காலையில் பிடுங்கத் தவறிய
ஒரு முடியில் நின்றது.

"பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?"

வாய்க்குள் உறிஞ்சுகுழாய், கண்ணாடி, ரெண்டு விரல்.
"ஆ" என்றேன்.
அது ஆமும் இல்லை, இல்லையும் இல்லை.
கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும்
நாற்பத்தெட்டுப் பேர் ஏறிய பஸ்ஸிலும்
இதை வேறு மாதிரிக் கேட்டவர்கள் எல்லாம்
வயிற்றைப் பார்த்துத்தான் கேட்டார்கள்.
வாயைப் பார்த்துக் கேட்டவள் இவள்தான்.

அலகு வலித்தது.
யூனிற் என்று ஊர் சொல்வதை
எங்கள் பில்லில் அலகு என்பார்கள்.
தாடைக்கும் அதே சொல்.
எத்தனை அலகு ஓடியிருக்கிறது
யாரும் வந்து வாசிக்காமல்.

"நீங்க தீட்டுறீங்க, அது தெரியுது.
ஹோர்மோன் குழம்பினா
கொஞ்ச ஊத்தைக்கே ஈறு கூட வீங்கும்.
அதாலதான் எண்டு இப்ப அடிச்சுச் சொல்லமாட்டன்.
ஊத்தைய நான் எடுக்கிறன்.
சூலகத்தையும் சீனியையும் ஒருக்காப் பாக்கோணும்.
கடைசியா எப்ப வந்த?"

"போன மாசம்."

வீடு பூட்டியிருந்தால்
நாங்கள் சராசரி எழுதுவோம்.
முன்மாத எண்ணைப் பார்த்து
ஒரு நியாயமான பொய்.
கேட்ட எல்லாருக்கும் நான் கொடுத்தது அதுதான்.
எத்தனை வருசம்!
கலியாணத்துக்கு முந்தியும்.

"இல்ல டொக்டர். ஆவணி.
இப்ப கார்த்திகை."

அவள் முகம் மாறவில்லை.
வெட்டிவிட்டுத் திருத்தி எழுதினாள்.
நாங்கள் அப்படி வெட்டினால்
பக்கத்தில் ஒரு கையெழுத்தும் வைக்கவேணும்.

துண்டில் வியாழக்கிழமை போட்டிருக்கிறது,
பெண்நோயியல் கிளினிக், காலை ஏழரை.
வியாழன் எனக்கு எருவில்.
எழுபத்தொன்பது வீட்டுக்கும்
ஒரு நாள் பிந்தட்டும்.