இடக்கை

சண்டை போடத்தான் போனேன்.
மூன்று மாதமாகத் தண்ணீர்க் குழாய்
எங்கள் மேட்டுக்குக் கீழே பாதியில் கிடக்கிறது.
தோண்டிய இடத்தில் பழஞ்சுவர் வந்துவிட்டதாம்.
லிமாவில் எங்கே தோண்டினாலும்
யாராவது ஏற்கெனவே குடியிருந்திருக்கிறார்கள்.

கம்பிவேலியில் துணி கட்டி எழுதியிருந்தது:
ஞாயிறு. எல்லோரும் வரலாம். சல்லடை தரப்படும்.
சல்லடை தருகிறார்களாமே எனக்கு!
வீட்டில் மூன்று இருக்கிறது.

மழை என்று சொல்லமுடியாத தூறல்.
குடை பிடித்தால் சிரிப்பார்கள்
பிடிக்காவிட்டால் தும்ம வேண்டும்.
மோட்டார் டாக்ஸி ஓட்டும் எவாரிஸ்தோ
தன் இரண்டு பெண்களோடு குந்தி உட்கார்ந்து
மண் சலித்துக்கொண்டிருந்தான்.
மீன்முள், சிப்பி,
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சோளக்கதிர்.
பக்கத்து மனையில் இருபது மாடி கட்டப்போகிறவர்களின் ஆள்
வெள்ளைத் தொப்பியோடு நின்று
மணி பார்த்தான், மறுபடி பார்த்தான்.

"எப்போது மூடுவீர்கள்?" என்றேன்.
மிரேயா சும்பித்தாஸ், அங்கே பெரியவள்,
பதிலுக்கு ஒரு தூரிகையை நீட்டினாள்.
கோபத்தோடு வாங்கி
கோபத்தோடு துடைத்தேன்.

சுடாத செங்கல்.
அலமாரியில் புத்தகம்போல நிற்கவைத்து அடுக்கியது,
நடுவில் விரல் நுழையும் சந்து.
ஏன் இப்படி என்று அவள் பிள்ளைகளைக் கேட்க
என் வாய் சும்மா இருக்கவில்லை:
"பூமி ஆடும்போது சுவரும் கொஞ்சம் ஆடட்டும் என்றுதான்.
நான் என் சுவரை இறுக்கிக் கட்டினேன்.
போன நடுக்கத்தில் மேலிருந்து கீழ்வரை கிழிந்தது."

ஒரு கல்லில் கை பதிந்திருந்தது.
வலது கையை வைத்தேன். பொருந்தவில்லை.
மாற்றி வைத்தேன்.
அடுத்த கல், அதற்கடுத்தது,
மண்ணை வழித்த திசையெல்லாம் எனக்குத் தலைகீழ்.
"இவன் இடக்கைக்காரன்" என்றேன்.
"இவளாகவும் இருக்கலாம்."

சீட்டில் 'கண்டவர்' என்று ஒரு கோடு.
யொலாந்தா ஞாவ்பாரி, கொத்தனார்.
கொத்தனார் என்பதை விடாதே என்று
நின்று பார்த்து எழுதவைத்தேன்.

தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டதும்
ஆயிரம் வருஷத்தை அப்படியே போட்டுவிட்டு
வாளியோடு ஓடினோம். மிரேயாவும்.
வரிசையில் எனக்குப் பின்னால் நின்று,
சுவரைச் சுற்றிக் குழாயை வளைக்கலாம்,
மனு எழுதியிருக்கிறேன், கையெழுத்துப் போடு என்றாள்.
ஈரக்கையால் போட்டேன். மை பரவிவிட்டது.

குழாய் இன்னும் வரவில்லை.
வரும் ஞாயிறு என் சல்லடையைக் கொண்டுபோகிறேன்.
அவர்களுடையதில்
கண் பெரிது.