வெளிச்சத் தட்டு

கல்கரியில் நான் படம் பிடிக்காத கல்யாணம் குறைவு.
பூப்புனித நீராட்டு, அறுபதாம் கல்யாணம்,
கேக் வெட்டும் முதலாம் பிறந்தநாள்
(பிள்ளை அழும்; தகப்பன் அதைவிட மோசம்).
பதினேழு வருடமாய் ஒரே பாட்டு:
"நாடியைக் கொஞ்சம் தூக்குங்கோ.
தோளை இந்தப் பக்கம்.
சிரியுங்கோ. பல்லுத் தெரியாமல்."

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை
மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறினார்கள்.
மண்டபக் காசு போனது, என் முற்பணம் தங்கியது.
ஏற்றிய பெட்டிகளை இறக்க மனமில்லாமல்
தெற்கே மூன்று மணித்தியாலம்
வாட்டர்டனுக்குக் காரை விட்டேன்.
உதவிக்கு வரும் நிரோஜன் கேட்டான்:
"அக்கா, இண்டைக்கு ஆருக்குப் படம்?"
"மலைக்கு."

படகுத்துறையில் காற்று
தொப்பி போட்டவர்களை ஒவ்வொருவராய் விசாரித்தது.
மேல்தட்டில் இடம் பிடித்தோம்.
ஒரு கரை முழுக்க எப்போதோ எரிந்த காடு,
கறுத்த குச்சிகள்;
அவற்றின் காலடியில் சிவந்துபோன சிறு செடிகள்
ஒன்றும் நடக்காதது போல.

மலைக்கு நாடி இல்லை.
தோளைத் திருப்பச் சொன்னால் திருப்புவதில்லை.
முகில் ஒன்று அதன் நெற்றியில் வந்து நின்றது,
குடும்பப் படத்துக்குள்
"நான் வேண்டாம், நான் வேண்டாம்" என்றபடி
நடுவில் நிற்கிற மாமியைப் போல.
நாற்பது படம் எடுத்தேன்.
நாற்பதும்
வங்கி இனாமாய்த் தரும் நாட்காட்டியில் வருபவை.

பழக்கதோஷம்: நிரோஜன்
வெள்ளித் தட்டை விரித்து
மலையின் நிழல் விழுந்த கன்னத்துக்கு
வெளிச்சம் அடித்தான்.
மேல்தட்டே சிரித்தது.

அப்போது ஒலிபெருக்கி:
இரண்டு கரையையும் பாருங்கள், எல்லை.
மலையேறும் காட்டில் நேராய் ஒரு வகிடு.
சீப்பால் எடுத்ததல்ல, வாளால்.
வகிட்டுக்கு அந்தப் பக்கத்து மரத்துக்கும்
இந்தப் பக்கத்து மரத்துக்கும்
ஒரே பச்சை.
என் கை தானாய்க் கைப்பையைத் திறந்து
கடவுச்சீட்டைத் தொட்டுப் பார்த்து மூடியது.
ஒருவரும் கேட்கவில்லை.
அந்த நாட்டில் எழும்பிய அலை
இந்த நாட்டில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

கேட்கவில்லை என்பதை நம்ப
எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது.
அந்தக் கொஞ்ச நேரத்தில்தான்
காற்று தட்டைப் பிடுங்கியது.

எழும்பி, ஒரு தரம் மினுங்கி,
படகின் பின்னால் தண்ணீரில் படுத்து,
வானத்தில் ஒரு வட்டம் வாங்கிக்கொண்டு
வந்த வழியே வடக்கே போகத் தொடங்கியது.
"ஐயோ, என்ர தட்டு!"
தமிழில்தான் கத்தினேன்.
முழுப் படகுக்கும் விளங்கியது.

படகோட்டும் பெண் ஹேலி
ஒரு பெருமூச்சு விட்டுச் சுக்கானைத் திருப்பினாள்.
"இந்த ஏரியில் குப்பை விட முடியாது" என்றாள்.
குப்பை! இருநூற்றுப் பத்து டொலர்.
நாங்கள் துரத்த, அது எல்லையைத் தாண்ட,
நாங்களும் தாண்ட,
கொக்கித் தடியில் கடைசியாய் அகப்பட்டது
வெளிச்சம் ஒழுக ஒழுக.
கைதட்டினார்கள்.
பிறகு மறுபடி தெற்கே, மறுபடி வடக்கே.
ஒரு பின்னேரத்தில் நான்கு தரம்.
முதல் தரம் ஓர் எல்லை கடக்க
எனக்குப் பதினொரு மாதம் எடுத்தது.
அதை நிரோஜனுக்குச் சொல்லவில்லை;
அவன் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கரையில் ரோவெனா என்றொருத்தி,
மணிலாக்காரி, லெத்பிரிட்ஜில் தாதி,
தன் தொலைபேசியை நீட்டினாள்:
"இது உனக்கு வேண்டுமா?"

நான்.
இரண்டு கையும் நீட்டி, தலைமயிர் கலைந்து,
வாய் முழுதாய்த் திறந்து.
பின்னால் மலை, மங்கலாய், விருந்தாளியாய்.

ஏரி ஒரு பக்கம் சரிந்திருக்கிறது.
ஃபோகஸ் என் மூக்கைத் தவறவிட்டு
கம்பியில் பிடித்திருக்கிறது.
வாடிக்கையாளருக்கென்றால் அனுப்பியிருக்க மாட்டேன்.

அனுப்பச் சொன்னேன்.
பல்லு எல்லாம் தெரிகிறது.